முகமூடியும் பெரட்டுக்களமும்

பல்கலைக்கழக வட்டாரங்களில் தமிழ்ச் சினிமா பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்.ஜி.ஆர். ரசிகனை எள்ளி நகையாடுவது ஒரு மரபாகவே நிலைபெற்றுவிட்டது. திரையில் வாள் சுழற்றிய ஒருவரை மெய்யான மீட்பராகக் கொண்டு, லயத்துச் சுவரில் சாமி படங்களோடு அவர் படத்தையும் மாட்டிவைத்த பசறைத் தோட்டத்துத் தொழிலாளி அறியாமையின் உருவமாகவே கருத்தரங்குகளில் நிறுத்தப்படுகிறான். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பூடகமாக ஆராய்ந்தார், எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். படிமத்தின் பொறியை விரிவாக எடுத்துக்காட்டினார். இவ்வாய்வுகளின் பெறுமதி பெரிது. ஆயின் அவற்றை மேற்கோள் காட்டுவோருட் பலர், ரசிகனை ஏளனஞ் செய்வதற்கான உரிமப் பத்திரமாகவே அவற்றைக் கையாளுகின்றனர்.

இதே நாவுகள் கிறிஸ்தோபர் நோலனின் பேட்மன் முப்படத் தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குரல் மாறிவிடுகின்றது. வெளவால் உடை தரித்து, முகத்தை மறைத்து, கூரைகளிலிருந்து பாய்ந்து நகரத்தை மீட்கும் கோடீசுவரன் அங்கு நகைப்புக்குரியவனாகத் தோன்றுவதில்லை. மாறாக, ‘அறவியற் சிக்கல்’, ‘உளவியல் ஆழம்’, ‘இருண்மையின் அழகியல்’ என்ற சொற்றொடர்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கின்றன. வாள் சுழற்றினால் பாமரத்தனம். வெளவாற் சிறகு விரித்தால் தத்துவம். ரசனையின் தராதரத்தை நிர்ணயிப்பது படத்தின் பொருளா, அன்றேல் படம் பேசும் மொழியா என்ற வினாவைத் தமிழ் விமர்சனம் இன்னும் நேர்மையாக எதிர்கொள்ளவில்லை.

ஒப்பீடு தற்செயலானதன்று. கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1958இல் தாமே இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ படத்திலே, அரசனைப் போன்ற தோற்றமுடைய ஒரு நாடோடி சிங்காசனத்தில் அமர்ந்து குடிமக்களுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். அதனையும் தனியொருவனே செய்துமுடிக்கிறான் என்ற குறை உண்டு. எனினும், ஆளப்பிறந்தவனல்லாத ஒருவன் ஆட்சியிலமர்ந்து சட்டம் இயற்றலாம் என்ற கற்பனையாவது அங்குள்ளது. நோலனின் நகரத்திலோ மாளிகையிற் பிறந்தவனே காவலனாகவும் அமைகிறான். தோட்டத்து மொழியிற் சொல்வதாயின், பங்களாத் துரையே இரவில் கறுப்பு அங்கி தரித்துக் கள்வரைப் பிடிக்கும் கதை அது. இதைக் கேட்டுப் பெரட்டுக்களத்தில் நிற்பவர் சிரிப்பார். விரிவுரை மண்டபத்தில் இருப்பவர் குறிப்பெடுக்கிறார்.

தொடரின் முதற் படம் 2005இலும் இரண்டாவது 2008இலும் வெளிவந்தன. மூன்றாவதும் இறுதியானதுமான ‘த டார்க் நைட் ரைசஸ்’ 2012 யூலையில் திரைக்கு வந்து, உலகெங்கும் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அப்படம் வெளிவந்த வேளையிலும் அதன் பின்னரும் பார்வையாளர் எதிர்வினைகள் எவ்வாறு அமைந்தன என்பது திரைப்படத்தைக் காட்டிலும் ஆராயத்தக்கது.

முதலாவதாக, படம் வெளிவருமுன்னரே எதிர்வினை வந்துவிட்டது. விமர்சனங்களைத் திரட்டி வெளியிடும் ‘ரொட்டன் ரொமேட்டோஸ்’ நிறுவனம், அப்படத்தைக் குறைகூறிய விமர்சகர்கள்மீது ரசிகர்கள் கொலை மிரட்டல் உட்பட வசைமாரி பொழிந்தமையால், வாசகர் கருத்துக்களை ஏற்பதையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. மிரட்டியோருட் பெரும்பாலோர் படத்தை இன்னும் பார்க்கவில்லை! பார்க்காத படத்தின் மானத்தைக் காக்க உயிரெடுக்கவும் துணிந்த இவ்வீரர்கள் லயத்திற் பிறந்தவர்களல்லர். ரசிக வெறி தென்னகத்துக்கும் மலையகத்துக்கும் மட்டுமே உரிய நோய் என எழுதிவந்தோர் இச்செய்தியை வசதியாகக் கடந்து சென்றனர்.

யூலை 20ஆந் திகதி நள்ளிரவுக் காட்சியின்போது கொலறாடோ மாநிலத்தின் அரோரா நகர்த் திரையரங்கொன்றில் ஒருவன் துப்பாக்கியாற் சுட்டுப் பன்னிரண்டு பேரைக் கொன்றான். அக்கொடுமையைப் படத்தின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. ஈண்டு அது ஒரு காலக் குறிப்பாக மட்டுமே இடம்பெறுகிறது.

பின்னர் எழுந்த விவாதங்கள் எவை? வில்லன் பேய்னின் முகக் கவசத்தினூடாக வரும் குரல் தெளிவாக விளங்கவில்லை என்பது ஒன்று. இது 2011 டிசம்பரில் முன்னோட்டப் பகுதி திரையிடப்பட்டபோதே தொடங்கியது. வில்லனின் பெயர் குடியரசுக் கட்சி வேட்பாளரின் பழைய நிதி நிறுவனத்தின் பெயரோடு ஒலியொத்திருப்பது தேர்தற் சதியென ஒரு வானொலிப் பேச்சாளர் குற்றஞ்சாட்டினார்; அப்பாத்திரம் 1993இலேயே சித்திரக் கதையிற் படைக்கப்பட்டதென்பதை மற்றவர்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது. முதுகெலும்பு முறிந்தவன் எப்படி எழுந்தான்? பாழுங்குழியிலிருந்து ஏறிய புரூஸ் வெய்ன், பாலங்கள் தகர்க்கப்பட்ட நகரத்துக்குள் எவ்வழியே புகுந்தான்? நிலத்தடியில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்த பொலிஸார் சவரம் செய்த முகங்களோடு வெளிவந்தது எங்ஙனம்? இறுதியில் புளோரன்சு நகரத்துத் தேநீர்க் கடையில் பணியாளன் அல்பிரட் காண்பது மெய்யா, கனவா? இரண்டாம் படத்தின் ஜோக்கராக நடித்து, 2008 சனவரியில் மறைந்து, மறைவுக்குப் பின் ஒஸ்கார் விருது பெற்ற ஹீத் லெட்ஜருக்கு ஈடான நடிப்பு மூன்றாம் படத்தில் உண்டா, இல்லையா?

இவையனைத்தும் நியாயமான வினாக்களே. கதையின் மூட்டுவாய்களைத் தட்டிப் பார்ப்பது பார்வையாளனின் உரிமை. ஆனால் இவ்வளவு நுண்ணிய கண்கள் ஒரு பெரிய வெற்றிடத்தைக் காணத் தவறின. கொதம் நகரத்து மக்கள் எங்கே? பேய்ன் சிறைகளைத் திறக்கிறான். செல்வரை வீடுகளிலிருந்து வெளியே இழுக்கச் சொல்கிறான். நகரத்தை மக்களிடமே ஒப்படைப்பதாகப் பிரகடனஞ் செய்கிறான். அதன் பின் ஐந்து மாத காலம் அந்நகரம் எப்படி வாழ்ந்தது? உணவை யார் பங்கிட்டார்? வைத்தியசாலையை யார் நடத்தினார்? படம் இதற்கு விடையளிக்கவில்லை. ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. அங்கே நீதிபதியாக அமர்பவன் மனநிலை பிறழ்ந்த பழைய வில்லன் கிரேன். சுற்றிலும் கூச்சலிடும் கூட்டம். தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டது. தண்டனை, உறைபனிமீது நடந்து மூழ்குதல். மக்கள் அதிகாரம் என்பதற்கு இப்படம் தரும் முழு வரைவிலக்கணம் அதுவே.

படத்தின் கதைக்கு டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ தூண்டுதலாயிற்று என்பதை நோலன் சகோதரர்களே கூறியுள்ளனர். இறுதியில் அந்நாவலின் வரிகள் புதைகுழியருகே வாசிக்கவும்படுகின்றன. இதனைச் சுட்டிப் படத்திற்கு இலக்கிய மகுடம் சூட்டியோர் பலர். அவர்கள் நாவலை மீண்டும் ஒரு முறை புரட்டுவது நன்று. 1859இல் வெளிவந்த அந்நாவலில் டிக்கன்ஸ் கொலைக்களத்துக்கு அஞ்சினார் என்பது மெய்யே. கூட்டத்தின் வெறியை அவர் வெறுத்தார். எனினும் கொலைக்களத்துக்கு முன் அவர் பிரபுவின் வண்டியைக் காட்டினார். வேகமாக வரும் அவ்வண்டியின் சில்லில் ஒரு குழந்தை நசிந்து சாகிறது. பிரபு ஒரு நாணயத்தை எறிந்துவிட்டுப் போகிறான். தெருவில் உடைந்த மதுப் பீப்பாவைச் சுற்றி மண்ணோடு சேர்த்து மதுவை நக்கும் பசித்த வாய்களை அவர் காட்டினார். டிக்கன்ஸ் ஒரு புரட்சிக்காரரல்லர். ஆயினும் விளைவைக் காட்டியவர் விதையையும் காட்டக் கடமைப்பட்டவர் என்ற எழுத்து நேர்மை அவரிடமிருந்தது. நோலன் கொலைக்களத்தை இரவல் வாங்கினார், வண்டியை விட்டுவிட்டார்.

முற்றாக விட்டுவிட்டார் என்பதும் சரியாகாது. விதை ஓரிடத்தில் விழுந்துகிடக்கிறது. விவாதித்தோர் அதனை மிதித்துக் கடந்தனர். அநாதை இல்லமொன்றில் வளர்ந்த பிளேக் என்ற இளம் பொலிஸ்காரன், வெய்ன் அறக்கட்டளை நிதி தருவதை நிறுத்திவிட்டதெனவும், வயது வந்த பையன்கள் இல்லத்தைவிட்டு வெளியேற்றப்படுகின்றனரெனவும், நகரத்தில் வேலையில்லாத அவர்கள் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலையுண்டெனக் கேள்விப்பட்டு அங்கு செல்கின்றனரெனவும் அறிகிறான். அவர்களுள் ஒருவன் பிணமாகச் சாக்கடையில் மிதந்து வருகிறான். பேய்னின் படை எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை இதுவே. கம்பனி இலாபம் ஈட்டவில்லை. ஆதலால் தருமம் நின்றது. ஆதலால் இளைஞர் பாதாளம் புகுந்தனர். ஒரு பெரும் படத்திற்குப் போதுமான கரு இது. அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பிற்பகுதியில் இதே இளைஞர் பெயரற்ற, முகமற்ற கூலிப்படையாகத் துப்பாக்கியோடு நிற்கின்றனர். அவர்களை அடித்து வீழ்த்தும்போது பார்வையாளர் ஆரவாரிக்கின்றனர். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பதினாறு, பதினேழு வயதிற் பஸ் ஏறும் பையன்களை அறிந்தவர்க்கு அச்சாக்கடைப் பிணம் தூரத்துச் செய்தியன்று. அவர்களே ஆரவாரத்திற் சேர்ந்துகொள்வதுதான் வருந்தத்தக்கது.

இத்தொடரின் இரண்டாம் படமே மூன்றாம் படத்துக்கு எதிரான சாட்சி. 2008ஆம் ஆண்டுப் படத்தில் ஜோக்கர் இரு படகுகளில் வெடிகுண்டு வைக்கிறான். ஒன்றிற் பொதுமக்கள், மற்றதிற் கைதிகள். ஒரு படகினர் மற்றப் படகைத் தகர்த்தாற் பிழைக்கலாம் என்கிறான். எவரும் தகர்க்கவில்லை. கைதியொருவனே விசையை வாங்கித் தண்ணீரில் எறிந்துவிடுகிறான். வீரன் வந்து மீட்கவில்லை. சாதாரண மனிதர் தம் மனச்சான்றினால் தம்மையும் பிறரையும் மீட்டுக்கொண்டனர். நான்கு ஆண்டுகளின் பின் அதே நகரத்து மக்கள் சட்டம் நீங்கிய மறுகணம் கொள்ளையராயினர் என்றால் எதை நம்புவது? முரண்பாடு என்பது சவரம் செய்த முகங்களிலன்று, இங்கேயே உள்ளது. இதைச் சுட்டாமல் ஜோக்கரின் நடிப்பையும் பேய்னின் குரலையும் நிறுத்துப் பார்த்தவர்கள் தராசின் தட்டுக்களை மெச்சிப் பண்டத்தை மறந்தவர்கள்.

மூன்றாம் படத்தில் மிகுந்த கைதட்டலைப் பெற்ற காட்சி ஒன்றுண்டு. நிலத்தடியிலிருந்து மீட்கப்பட்ட பொலிஸார் சீருடையோடு அணிவகுத்து, பகல் வெளிச்சத்தில், பேய்னின் துப்பாக்கிப் படையை நோக்கித் தெருவில் நடக்கின்றனர். இசை உயர்கிறது, பார்ப்பவர் உள்ளமும் உயர்கிறது. இக்காட்சி 2011 நவம்பரில் நியூயோர்க்கின் வோல் வீதியிற் படமாக்கப்பட்டது. அங்கிருந்து நடைதூரத்திலுள்ள சுக்கொற்றிப் பூங்காவில், செல்வக் குவிப்பை எதிர்த்த ‘வோல் வீதியைக் கைப்பற்றுவோம்’ இயக்கத்தினர் அவ்வாண்டு செப்டெம்பர் 17 முதல் கூடாரமிட்டிருந்தனர். நவம்பர் 15ஆந் திகதி அதிகாலையில் மெய்யான பொலிஸார் வந்து அக்கூடாரங்களை அகற்றினர். ஒரே மாதம், ஒரே சுற்றாடல், ஒரே சீருடை. படப்பிடிப்பில் அவர்கள் வீரர். பூங்காவில் அவர்கள் எவர் என்பதைக் கூடாரத்தில் உறங்கியோர் அறிவர்.

ஊவா மாகாணத்திலிருந்து இக்காட்சியை நோக்குவோர்க்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வருதல் வேண்டும். வருவதில்லை என்பதே குறை. 1940ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. சனவரியில் முல்லோயாவிற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அலை ஊவாவுக்குப் பரவி, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் உச்சம் பெற்றது. சமசமாஜக் கட்சி சார்ந்த தொழிற்சங்கத்தினர் அங்கு தொழிலாளர் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே கருமமாற்றுவதாகத் தோட்டத்துரை உடன்படவேண்டியதாயிற்று. ‘சட்டத்தையும் ஒழுங்கையும்’ நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிஸ் பிரிவினரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர். பின்னர் பெருவெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக வெளியுலகிலிருந்து துண்டித்தது. அதன் துணையோடு பொலிஸ் அடக்குமுறை போராட்டத்தை முறியடித்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர்.

துண்டிக்கப்பட்ட நிலப்பரப்பு, தெரிவுசெய்யப்பட்ட மக்கள் சபை, செயலிழந்த பொலிஸ். கொதம் நகரக் கதையின் உறுப்புக்கள் யாவும் இங்குள்ளன. ஒன்று மட்டும் இல்லை: இங்கே கூடிய சபை எவரையும் பனிக்கட்டிமீது நடக்கவிடவில்லை. துரையைத் தூக்கிலிடவுமில்லை, அவரோடு பேசி உடன்படிக்கை கண்டது. கங்காணியின் பிரம்புக்கும் கணக்கப்பிள்ளையின் பேரேட்டுக்கும் பயந்து வாழ்ந்தவர்கள் அதிகாரம் கைக்கு வந்த சிறுபொழுதில் முதலிற் செய்தது கூட்டம் கூட்டியமை. பதுளையிலும் பசறையிலும் பிறந்து, பட்டமும் பெற்று, பேய்னின் நீதிமன்றத்தை ‘மக்கள் அதிகாரத்தின் யதார்த்தச் சித்திரிப்பு’ எனப் பாராட்டும் ஒருவர் தம் பாட்டனாரின் வரலாற்றை ஹொலிவுட்டுக்கு அடகுவைத்தவர். வேவெஸ்ஸ பற்றி அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பது உண்மையே. அக்குற்றத்தில் அவருக்குக் கற்பித்தோருக்கும் பங்குண்டு.

இன்னொரு நிகழ்ச்சியும் இதே மாவட்டத்துக்குரியது. 2000 ஒக்ரோபர் 25ஆந் திகதி பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிற் கூட்டமொன்று புகுந்து, அங்கு தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞருள் இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டியும் அடித்தும் கொன்றது. ஆயுதந் தாங்கிய பொலிஸார் அவ்விடத்தில் நின்றனர், அவர்கள் தடுக்கவில்லை. 2003இல் பொலிஸார் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டளவில் அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். கூட்டத்தின் வெறி என்பது கற்பனையன்று என்பதற்கு இது சான்று. நோலனின் ஆதரவாளர் இதைத் தம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்பலாம். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் சீருடையோர் எங்கே நின்றனர் என்ற பகுதியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் ஒருபுறம், சீருடை மறுபுறம் எனக் கோடு கிழிக்கும் படம் பிந்துனுவெவவை விளக்கமாட்டாது.

படத்தின் அத்திவாரமாக அமைந்த சட்டமொன்று பற்றியும் பார்வையாளர் வாய் திறக்கவில்லை. ஹார்வி டென்ற் என்ற வழக்குத் தொடுநரின் பெயரில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் கீழ் ஆயிரம் பேர் பிணை விடுதலைக்கு வழியின்றிச் சிறையிலுள்ளனர். அதனால் நகரம் எட்டாண்டு அமைதி காண்கிறது. டென்ற் இறுதியிற் கொலைகாரனாகவே மாறினான் என்பதை ஆணையாளர் கோர்டன் அறிவார், மறைக்கிறார். சட்டம் பொய்யின்மீது நிற்கிறது. இப்பொய்யை அம்பலப்படுத்தும் பணி படத்தில் யாருக்குத் தரப்பட்டது? வில்லனுக்கு. உண்மையைச் சொன்னவன் பயங்கரவாதி. ஆகவே உண்மையும் அவனோடு புதைகிறது. மீட்பு முடிந்தபின் அச்சட்டம் என்னவாயிற்று என ஒருவரும் கேட்பதில்லை. 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த தலைமுறைகள் இலங்கையில் உள்ளன. விசாரணையின்றிப் பதினெட்டு மாதம்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பன்னிரண்டாகக் குறைத்தது. அச்சட்டத்தாற் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் டென்ற் சட்டத்தைக் கதையின் ஒரு வசதியாகவே கண்டு கடந்தனரெனின், முகமூடி யார் முகத்தில் இருந்தது?

‘படம் படந்தானே, பொழுதுபோக்கில் அரசியலைத் தேடுவானேன்’ என்பது வழமையான மறுப்பு. நோலனும் தம் படத்துக்கு அரசியல் நோக்கமில்லை என்றே கூறினார். படைப்பாளியின் வாக்குமூலம் படைப்பின் பொருளைத் தீர்மானிக்குமாயின் விமர்சனமென்ற துறையே வேண்டியதில்லை. மேலும், இம்மறுப்பைக் கூறுவோரே எம்.ஜி.ஆர். படங்களில் அரசியலைத் தேடியவர்கள், கண்டவர்கள், கட்டுரையும் வரைந்தவர்கள். தென்னகத்துப் பொழுதுபோக்கில் அரசியல் உண்டு; மேனாட்டுப் பொழுதுபோக்கில் இல்லை. இவ்விரட்டை நியாயத்துக்கு அடிமை மனோபாவம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

மறுமுனையில் நிற்கும் முற்போக்காளர்களும் தப்பவியலாது. ‘முதலாளித்துவம் ஊட்டும் அபின், உண்போர் மயங்குகின்றனர்’ என ஒரே வரியிற் படத்தையும் பார்வையாளரையும் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். மேனாட்டு இடதுசாரிச் சிந்தனையாளர் இவ்வளவு சோம்பலாக இருக்கவில்லை. ஸ்லாவோய் ஷிஷெக் 2012இல், மக்கள் அதிகாரத்தை அச்சுறுத்தலாகவேனும் திரையில் நிறுத்த ஒரு ஹொலிவுட் படம் நிர்ப்பந்திக்கப்பட்டதே கவனிக்கத்தக்கது என்ற கோணத்தில் எழுதினார். டேவிட் கிரேபர், இத்தகைய வீரர்களுக்குச் சொந்தமாக எந்தத் திட்டமும் இல்லை, திட்டந் தீட்டுபவன் வில்லன் மட்டுமே, உலகம் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருக்கச் செய்வதே வீரனின் தொழில் என்பதை எடுத்துக்காட்டினார். இவ்விருவரும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினர். இங்குள்ளோர் பார்ப்பதற்கு முன்னரே தீர்ப்பெழுதுகின்றனர். இவ்வகையில் அவர்களும் ‘ரொட்டன் ரொமேட்டோஸ்’ ரசிகர்களும் ஒரே சாதியினர்.

பார்வையாளன் மூடனல்லன். மாசி மாதத்திற் காமன்கூத்து ஆடப்படும் தோட்டங்களில் வளர்ந்தவனுக்கு, வீரனொருவன் தீயிலழிந்து மீள்வதைப் பார்ப்பது புதிதன்று. சிவனின் நெற்றிக்கண்ணாற் காமன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், தோட்டமே சேர்ந்து அழுகிறது, பின்னர் அவன் எழுப்பப்படுகிறான். எரிந்தவன் மெய்யாகவே எழுந்தானா, அன்றேல் ரதியின் கனவா எனப் பெரட்டுக்களத்தில் எவரும் வாதிடுவதில்லை. காமனாக ஆடியவர் மறுநாட் காலையிற் கவ்வாத்து வெட்டப் போவார் என்பதை அனைவரும் அறிவர், அறிந்தே அழுகின்றனர். அது அவர்களுடைய கூத்து. அடுத்த ஆண்டு வேண்டியவாறு மாற்றவும் அவர்களால் முடியும். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. புளோரன்சுத் தேநீர்க் கடைக் காட்சி பற்றிய பெருவிவாதம் இந்த உரிமை பறிபோனதன் அடையாளம். முடிவைத் தாமே ஆக்க இயலாதவர்கள், பிறன் ஆக்கிய முடிவின் பொருளென்ன என மன்றாடுகின்றனர்.

அப்படத்தில் மலையக மாணவர் உள்ளத்தை மிகவும் தொட்டது பாழுங்குழிக் காட்சி. இது இயல்பானதே. ஆழ்ந்த கிணறு போன்ற சிறை. மேலே வானம் தெரிகிறது. ஏறியவர் பலர், விழுந்தவர் பலர். இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு ஏறும்வரை புரூஸ் வெய்னாலும் தாண்ட இயலவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏறும்போதே, விழுந்தாற் சாவு என்ற அச்சமே அவனைத் தாண்டச் செய்கிறது. கோணக்கலையிலோ நமுனுகுலையிலோ லயத்தறையில் மண்ணெண்ணெய் விளக்கிற் படித்த தலைமுறையினரின் பிள்ளை, ஒரே பரீட்சையில் தன் வாழ்வைப் பணயம் வைத்து ஏறி வருகையில் இக்காட்சியில் தன்னைக் காண்பான். அதனை நகையாடுபவர் மனிதத் தன்மையற்றவர்.

ஆனால் அக்காட்சியின் இறுதியில் ஒரு செயல் நிகழ்கிறது. மேலேறிய வெய்ன், அங்கிருந்த கயிற்றுச் சுருளைக் குழிக்குள் தள்ளிவிட்டே புறப்படுகிறான். கீழே கிடந்தோர் அதைப் பிடித்து ஏறலாம். முழுப் படத்திலும் அவன் செய்யும் செயல்களுள் பிறர் தாமே எழுந்து வர வழிசெய்யும் செயல் இதொன்றே. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் சில வினாடிகள். ‘கயிறின்றி ஏறு’ என்ற வாசகம் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளிற் புகுந்துகொண்டது. பல்கலைக்கழகத்துக்கு வரும் புதுமுக மாணவர்க்கு உபதேசமாகவும் வழங்கப்படுகிறது. தள்ளிவிடப்பட்ட கயிறு பேச்சில் அடிபடவில்லை. ஏறியோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது என்று மகிழ்வோர், குழிக்குள் எத்தனை கயிறுகள் விழுந்தன என்ற கணக்கையும் வைத்திருத்தல் நன்று. கொழும்பில் உத்தியோகம் கிடைத்ததும் ஊர் பசறை என்று சொல்லத் தயங்கி ‘பதுளைப் பக்கம்’ என்று மழுப்பும் பட்டதாரிகளை இச்சஞ்சிகையின் வாசகர் அறியாதவரல்லர்.

படத்தின் முடிவிற் புரூஸ் வெய்ன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு அவனது உயில் வாசிக்கப்படுகிறது. மாளிகை அநாதைச் சிறுவர் இல்லமாகிறது. இதனைக் கண்டு நெகிழ்ந்தோர் பலர். அதே சிறுவர்களின் மூத்தோரே தருமம் நின்றபோது சாக்கடைக்குட் சென்றவர்கள் என்பதை முற்பகுதி கூறியிருந்தது. அப்போது தருமம் நின்றது உரிமையாளரின் இலாபம் நின்றமையால். இப்போது மாளிகை கிடைத்தது உரிமையாளரின் மனம் இளகியமையால். இரு வேளையிலும் முடிவெடுத்தவன் ஒருவனே. மலையகத்தில் 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா வேண்டுமெனப் பல ஆண்டுகள் கேட்டபின், 2021இல் சம்பள நிர்ணயச் சபையினூடாகவே அது கிடைத்தது. கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றஞ் சென்றன. எந்தத் துரையும் உயிலெழுதி வைத்து அது வரவில்லை. லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டத்தை 2015ஆம் ஆண்டின் பின் வந்த அரசாங்கம் முன்னெடுத்தபோதும், அந்த ஏழு பேர்ச்சுக்கு உறுதிப்பத்திரம் எங்கே என்பதே தொழிலாளர் கேட்ட முதல் வினா. புளோரன்சுக் காட்சி கனவா, நனவா என்று விவாதித்த படித்த பார்வையாளர் எவரும் அந்த மாளிகையைப் பற்றி இவ்வினாவைக் கேட்கவில்லை.